பொதுப் பகுதி ஆருக்குச் சொந்தம்

வந்திருந்தவர்களை, அவர்கள் இருந்த இடத்தோடு முதலில் எழுதிவிடுவது நல்லது. பிறகு ஆர் என்ன சொன்னார் என்பதில் சண்டை வராது.

மேசையின் தலைமாட்டில், அந்தக் கந்தோரில் கைபிடியுள்ள ஒரே கதிரையில், இணைப்பகத் தலைவர் ஸலாஹுதீன் ஹாஜியார். கல்முனைப் பிரதான வீதியில் சீமெந்தும் கம்பியும் விற்பவர். எதிர்முனையில் இருந்தால் அது கால்மாடாகிவிடும் என்று கதிரையை இழுத்து இழுத்து, மூலையைச் சுற்றி, ஹாஜியாரின் முழங்கைக்கே வந்து சேர்ந்துவிட்ட உபதலைவர் சீனித்தம்பி. பாண்டிருப்பில் கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற விதானையார். மின்விசிறிக்கு நேர்கீழே கணினிப் பிரிவின் முகாமையாளர் அப்ராஸ், ஹாஜியாரின் மருமகன். அந்தப் பதவிக்கு அவருடைய வேறு தகைமைகளை ஆரும் கேட்டதில்லை. வலப்பக்க நீள வாங்கில் பள்ளிவாசல்களின் ஆட்கள், இடப்பக்க வாங்கில் கோயில்களின் ஆட்கள். இரண்டு வாங்குக்கும் நடுவில் தனிக் கதிரையில், மடிக்கணினியோடு, தரவுத்தள அலுவலர் முஸ்பிறா. கதவுக்கு வெளியே, வெறும் மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வல்லியம்மை.

கூட்டக் குறிப்பில் கடைசிப் பெயர் இல்லை. ஆனால் அன்று அந்தக் கட்டிடத்துக்கு உண்மையான அலுவலோடு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்று முஸ்பிறா நினைத்தாள். மற்றவர்கள் தேத்தண்ணிக்கும் பணிசுக்கும் வந்தவர்கள்.

வல்லியம்மையின் அலுவல் ஊருக்கே தெரியும். கடல் வந்த அன்று புருசனையும் வீட்டையும் ஒன்றாகப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து தகரக் கொட்டில்தான். மகள் கிருசாந்திக்கு மருதமுனைப் பக்கம் நெசவுக்கடையில் வேலை செய்யும் ஒரு பாண்டிருப்புப் பொடியனைப் பேசி முடித்தாயிற்று. ஆனால் இந்தக் கரையில் தாய் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடப்பதில்லை. மாப்பிள்ளை வந்து ஏறுவதற்கு ஒரு கூரை வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் யுத்தம் முடியட்டும் என்று பார்த்திருந்தார்கள். வைகாசியில் யுத்தமும் முடிந்துவிட்டது. இப்போது வீட்டுக்காகப் பார்த்திருக்கிறார்கள். வீட்டை, பள்ளிவாசல்களும் கோயில்களும் சேர்ந்து நடத்தும் இந்த நிவாரண இணைப்பகம்தான் கொடுக்க வேண்டும்.

"மகள், சுருக்கமாச் சொல்லுங்க. லுஹர் தொழுகைக்கு முந்தி முடிக்கணும்," என்றார் ஹாஜியார். வயதில் இளைய பெண்கள் எல்லாரும் அவருக்கு மகள்தான்.

முஸ்பிறா சுருக்கமாகத்தான் சொன்னாள். ஒலுவில் கெம்பசில் முதல் வகுப்பில் சித்தியடைந்தவளுக்கு அந்த மேசையில் நீட்டிக் கதைக்க ஆசையுமில்லை.

சுனாமிக்குப் பிறகு இணைப்பகத்திடம் இருந்தது வீட்டுக்கான ஒரு செயலிதான். பிறகு தோணிக்கும் வலைக்கும் ஒன்று வந்தது. இப்போது யுத்தம் முடிந்த கையோடு, காணிக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று வருகிறது. புதிய செயலி வரும்போதெல்லாம் அதன் அட்டவணைகளை அப்ராஸ் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டு போனார். அதுவும் எந்த இடத்தில்? தரவுத்தளம் தன் சொந்தச் சாமானை வைத்துக்கொள்ளும் இடத்தில். கணினி அந்த இடத்தைத்தான் முதலில் காட்டியது. அப்ராஸ் சரியென்று அமத்தினார். அவருடைய கணினிப் படிப்பு அந்த ஒரு பொத்தானோடு முடிந்தது. தோணிக் கணக்கு வீங்கி அந்த இடம் நிரம்பியபோது வீட்டுப் பதிவும் சேர்ந்து நின்றுபோனது.

"ஹாஜியார்ர களஞ்சியத்தில சீமெந்து ஒரு அறை, பெயின்ட் ஒரு அறை, கம்பி வெளிய. சரிதானே?" என்றாள். "அதே மாதிரி வீட்டுக்கு ஒரு சேமிப்புப் பகுதி, தோணிக்கு ஒண்டு, காணிக்கு ஒண்டு. ஒண்டு நிரம்பினா மத்தது நிக்காது. ஒண்டு பழுதானா அத மட்டும் திருத்தலாம். ஆக்கள்ர பேர், அடையாள அட்டை இலக்கம், இதெல்லாம் மூணுக்கும் வேணும். அது மட்டும் பொதுப் பகுதியில இரிக்கும். மூணு செயலியும் அங்க வந்து வாசிக்கும்."

அப்ராஸ் தலையாட்டினார். விளங்கித் தலையாட்டினால் அந்தத் தலை அவ்வளவு வேகமாக ஆடாது.

ஹாஜியார் பணிசைப் பிய்த்தபடி யோசித்தார். "பொதுப் பகுதி எண்டீங்களே மகள். அது ஆருக்குச் சொந்தம்?"

"ஒருத்தருக்கும் சொந்தமில்ல."

"ஒருத்தருக்கும் சொந்தமில்லாத சாமான ஆர் காவல் காக்கிற?"

"கணினி காக்கும்."

"கணினி எந்தப் பள்ளிவாசல், மகள்?" என்று வலப்பக்க வாங்கில் ஒருவர் கேட்க, அந்த வாங்கு முழுவதும் சிரித்தது.

சீனித்தம்பி சிரிக்கவில்லை. "இந்தப் பொது எண்ட கதைய எங்களிட்ட விடாதீங்க பிள்ள. எங்கட ஒழுங்கையில பொதுக்கிணறு எண்டு வெட்டினாங்க. இப்ப அது ஆர்ர வளவுக்குள்ள இரிக்கி?"

"அது உங்கட வளவுக்குள்ளதானே விதானையார்?" என்றார் ஹாஜியார்.

"ஓம். அதாலதான் சொல்றன். பொதுவப் பத்தி எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒருத்தருக்கும் தெரியாது."

அதற்குப் பிறகு நடந்ததை முஸ்பிறா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். செயலிக்கு ஒரு பகுதி என்ற பேச்சு எங்கோ போய்விட்டது. ஆட்களைத்தான் பகுதி பிரிக்க வேண்டும் என்று இரண்டு வாங்கும் கண்டுபிடித்தன. பள்ளிப்பக்கம் ஒரு சேமிப்புப் பகுதி, கோயில்பக்கம் ஒரு சேமிப்புப் பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கடவுச்சொல். வீடுகளும் அப்படியே சரிபாதி. சுனாமியிலிருந்து அன்றுவரை தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள், இந்த ஒன்றுக்கு ஒரே நேரத்தில் கையுயர்த்தினார்கள். பணிஸ் பிடித்த கையும் உயர்ந்தது.

"எங்கட பக்கத்தில குடியும் எழுதணும்," என்றார் ஹாஜியார். "குடிக்கு மரைக்கார் ஆரெண்டும் எழுதணும். அது இல்லாத பேர் உள்ளுக்கு ஏறக்கூடாது."

"அப்ப எங்கட பக்கமும் குடியும் வண்ணக்கரும்," என்றார் சீனித்தம்பி.

குடி என்பது இந்தக் கரையில் தாய் வழியாக இறங்குவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி; ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. குடிக்கு ஒரு பெரியவர்: பள்ளியில் அவர் மரைக்கார், கோயிலில் அவர் வண்ணக்கர். பெயரை மட்டும் சொன்னால் ஆள் எந்தப் பக்கம் என்று பிடிபடாத குடிகளும் உண்டு.

"ரெண்டு பக்கமும் கேக்கிறது ஒரே விசயத்தத்தானே," என்றாள் முஸ்பிறா. "குடி, குடித் தலைவர். அப்ப ஒரே அட்டவணை போதுமே. ஏன் ரெண்டு?"

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வைதுவிட்டதுபோல் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"மகள்," என்றார் ஹாஜியார் மெதுவாக, "படிச்சிரிக்கம் எண்டதுக்காக எல்லாத்தையும் போட்டுக் கலக்கப்படாது."

"தொழில்நுட்ப ரீதியாச் செய்யலாம்," என்றார் அப்ராஸ். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வசனம் அது.

"செய்யலாம்," என்றாள் முஸ்பிறா. "கடலுக்குள்ளயும் கக்கூசு கட்டலாம். எழுத்தில தாங்க, செய்றன்."

எழுத்தில் தந்தார்கள். ஆரை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கும் விதி எழுதினார்கள்: சுனாமி நேரம் எவர் பெயரைப் பள்ளி பதிந்ததோ அவர் பள்ளிப்பக்கம்; எவர் பெயரைக் கோயில் பதிந்ததோ அவர் கோயில்பக்கம். ஹாஜியாரும் சீனித்தம்பியும் அதன் கீழே ஒரே பேனாவால் ஒப்பமிட்டார்கள். பேனா முஸ்பிறாவுடையது. அது திரும்பி வரவில்லை.

அவள் செய்தாள். மூளையற்ற மனிதர்கள் கேட்டதை ஒரு எழுத்தும் பிசகாமல் செய்து கொடுப்பது அவளுக்கு ஒரு ருசியாக இருந்தது. இரண்டு சேமிப்புப் பகுதிகளைத் திறந்தாள். பொதுவில் கிடந்த ஆட்கள் அட்டவணையை நடுவால் கிழித்து ஒன்றை அங்கும் ஒன்றை இங்கும் போட்டாள். குடியும் தலைவரும் இல்லாத பெயர் வீட்டுச் செயலிக்குள் நுழைய முடியாதபடி பூட்டுப் போட்டாள். வேலை சுத்தமாக இருந்தது. உள்ளே போன பெயர்களை அவள் வாசிக்கவில்லை. அந்தக் கழுதைகளே வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீடு பெறுவோர் விபரத்தைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டிய அன்று காலையில் வல்லியம்மை வந்தாள். வாசிக்கத் தெரிந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு தாளையும் மேலிருந்து கீழே பார்க்க வைத்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

"பிள்ள, என்ட பேர் எங்க?"

"இரிக்கும் வல்லியம்மைக்கா. கோயில்பக்கத் தாளப் பாருங்க."

"பாத்தன். மத்தப் பக்கமும் பாத்தன். செத்தவங்கட பேர் கூட இரிக்கி. என்ட பேர் இல்ல."

முஸ்பிறா தேடினாள். கோயில்பக்கம் இல்லை. பள்ளிப்பக்கம் இருந்தது. வல்லியம்மை, பெண், கைம்பெண், ஒரு மகள். பதிந்தது: பள்ளி. குடி: வெறும் கட்டம். மரைக்கார்: வெறும் கட்டம். அதற்குப் பக்கத்தில், முஸ்பிறா போட்ட பூட்டு தன் வேலையைச் செய்திருந்தது. நிராகரிக்கப்பட்டது.

"கடல் வந்த அண்டைக்கு நீங்க எங்க ஓடின?"

"எங்க ஓடுற? கண்ட பக்கம் ஓடின. பெரிய பள்ளிவாசல் கட்டிடம் உசரமா நிண்டிச்சு, ஏறிட்டன். அங்கதான் சோறு தந்தாங்க. பேரும் எழுதினாங்க. ஏன், அது குத்தமா?"

"இல்ல."

"அப்ப என்ன, நான் தொப்பி போடணுமா?"

முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாயிரம் மடையர்கள் கூடினாலும் செய்ய முடியாத ஒரு வேலையை ஒரு முதல் வகுப்புக்காரி தனியாகச் செய்து முடித்திருக்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தோன்றியது. அவர்களுக்குத் தெரியாது, தெரியாமல் கையுயர்த்தினார்கள். இவளுக்குத் தெரியும். இப்படி ஒருத்தி எங்காவது இடையில் விழுவாள் என்பது தெரிந்தும், அவர்களுக்குப் பாடம் படிப்பிக்கும் ஆசையில், குனிந்து பார்க்கவில்லை.

கள்ளமாக மாற்றிவிடலாம். கணினியில் அது ஒரு சொடுக்கு. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஹாஜியாரும் சீனித்தம்பியும் கந்தோருக்கு வந்து, அவரவர் பக்கத்துப் பெயர்களை விரல் வைத்து எண்ணிவிட்டுப் போகிறார்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஊர் இரண்டாகும்.

எனவே நேரே போனாள். முதலில் சீனித்தம்பியிடம்.

"அவ நல்ல மனிசி பிள்ள. என்ட வீட்டுக்கு அவதான் மீன் தாற. அவக்கு வீடு கிடைக்கத்தான் வேணும்."

"அப்ப உங்கட பக்கம் எடுங்க."

"எடுத்தா எங்கட பங்கில ஒரு வீடு போயிருமே. எங்கட ஆள் ஒருத்தர நான் வெட்டணும். அவங்க பதிஞ்ச ஆள், அவங்களே குடுக்கட்டும்."

பிறகு ஹாஜியாரிடம். கடையில் கம்பி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வல்லியம்மையா? மாஷா அல்லாஹ், எவ்வளவு ஒழுங்கான மனிசி. வீடு குடுக்காட்டி அல்லாஹ்கிட்ட நாமதான் பதில் சொல்லணும்."

"அப்ப உங்கட பங்கில குடுங்க."

"குடுக்கலாம் மகள். ஆனா எந்தக் குடியில எழுதுற? எந்த மரைக்கார் கையொப்பம் வெப்பார்? அவங்கட ஆள அவங்க எடுக்கட்டுமே."

"அவங்கட பக்கம் எடுத்தா உங்கட பங்கில ஒரு பேர் குறையுமே, அதுக்குச் சம்மதமா?"

தராசு முள் நின்றது. "பேர் குறைஞ்சா வீடும் குறையும் எண்டு கதைப்பாங்க. அது சரிவராது."

ஆக, இரண்டு பேருமே அவளுக்காக உருகினார்கள். ஒருவர் அவளை எடுக்கமாட்டார், மற்றவர் விடமாட்டார். வல்லியம்மையை ஆருக்காவது பிடிக்காமல் இருந்திருந்தால்கூடக் காரியம் இதைவிட இலகுவாக முடிந்திருக்கும் என்று முஸ்பிறா நினைத்தாள்.

வழி கண்டுபிடித்தவர் அப்ராஸ். வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்த முதல் வழி என்பதால் முகம் மலர்ந்திருந்தது.

"மிஸ், ரெண்டு கட்டம்தானே வெறுமையா இரிக்கி? எங்கட மாமிர குடியப் போட்டுருவம். மரைக்கார் என்ட சொந்தம், அவர்ட நான் கதைக்கிறன். ஆர் பாக்கப் போற?"

முஸ்பிறா அதையும் வல்லியம்மையிடம் சொன்னாள். சொல்லும்போதே நாக்குக் கூசியது. சந்தை வாசலில் மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த வல்லியம்மை தலையை நிமிர்த்தினாள்.

"என்ட குடி படையாண்ட குடி. என்ட தாய்க்கும் அதுதான், என்ட மகளுக்கும் அதுதான். அந்த வீடு அவட சீதனம். வீட்டு உறுதிப் பத்திரத்தில வேற குடி எழுதிக்கிடந்தா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாக்கள் என்ன கேப்பாங்க? தாய் ஒரு குடி, வீடு ஒரு குடியா எண்டு கேப்பாங்க. அப்பிடி ஒரு வீட்டில என்ட புள்ள எப்பிடி இரிக்கிற?"

"எழுத்துக்கு மட்டும்தான் அக்கா."

"எழுத்துக்கு மட்டும் எண்டா எனக்கு ஏன் வீட்ட எழுத்தால இல்லாம ஆக்கினீங்க?" என்றாள் வல்லியம்மை. ஒரு சூடை மீனை எடுத்துக் கூடையின் மறுபக்கம் எறிந்தாள். "நீங்க செஞ்ச வேலைதானே பிள்ள? நீங்களே திருத்துங்க. அந்தச் சோத்துப் பானைகளிட்ட என்னை ஏலம் விடாதீங்க."

முஸ்பிறா கந்தோருக்குத் திரும்பினாள்.

வீட்டுக் கதவுப் பூட்டுகளின் திறப்புகள் கொழும்பில், பணம் போட்ட நிதியகத்தின் அலுமாரியில் இருந்தன. தகுதியான ஒருவரும் விடுபடவில்லை என்று தரவுத்தள அலுவலர் சான்றுப்பத்திரத்தில் ஒப்பமிட்டு அனுப்பினால்தான் அவை கல்முனைக்கு வரும். தலைவருக்கோ உபதலைவருக்கோ அந்த ஒப்பம் கிடையாது. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை இணைப்பகத்தில் வாசித்திருந்தவள் அவள் மட்டும்தான்.

ஹாஜியார் சான்றுப்பத்திரத்தைத் தானே கையில் கொண்டுவந்தார். பின்னால் அப்ராஸ், அவருக்குப் பின்னால் சீனித்தம்பி.

"ஒரு கையொப்பம் மகள். ஊரே பாத்துக்கொண்டிரிக்கி."

"வைக்கமாட்டன்."

"ஒரு மனிசிக்காக எல்லா வீட்டையும் நிப்பாட்டுவீங்களா? உங்கட சாச்சிர வீடும் இதுக்குள்ளதான் இரிக்கி, ஞாபகம் இரிக்கட்டும்."

"இரிக்கி. சாச்சி ஏசுவா. ஏசட்டும்."

"பிள்ள, கோவத்தில முடிவெடுக்கக்கூடாது," என்றார் சீனித்தம்பி. "அடுத்த கட்டத்தில அவவ முதலாவதாப் போடுவம். ரெண்டு பக்கமும் சேந்து சத்தியம் பண்ணுறம்."

"ரெண்டு பக்கமும் சேந்து செஞ்சதத்தான் இப்ப பாத்துக்கொண்டிரிக்கன் விதானையார். இன்னொருக்காச் சேராதீங்க."

அப்ராஸ் தன் பதவியை ஞாபகப்படுத்திக்கொண்டார். "மிஸ், இது ஒழுக்காற்று விசாரணைக்குப் போற விசயம். வேலைக்கே ஆபத்து."

"நீங்க இரிக்கிற கந்தோர்ல வேலை இல்லாமப் போறது எனக்கு ஒரு கேடு இல்ல, அப்ராஸ். உங்கட மாமனார்ட சொல்லி நீங்களே அந்தக் கதிரையில இரிங்க. முதல் நாள் எந்தப் பொத்தான அமத்துறதெண்டு நான் எழுதி வெச்சிட்டுப் போறன்."

அவர்கள் போனபிறகு நிதியகத்துக்குக் கடிதத்தைத் தொடங்கினாள். மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. அஞ்சல் பெட்டிகள் எல்லாம் அப்ராசின் பொறுப்பில் இருந்தன. அந்த மனிதர் திறக்கத் தெரிந்த ஒரே கோப்பு மற்றவர்களுடைய கடிதம்தான். ஆகவே தாளில், கையால் எழுதினாள்.

முதலாவது பந்தியில், ஆட்களின் அட்டவணையை ஆர் பிரிக்கச் சொன்னார்கள் என்று எழுதினாள். இரண்டாவதில், பிரித்தது தான் என்றும், பிழை என்று தெரிந்தே செய்ததாகவும் எழுதினாள். அதை வெட்டிவிடலாமா என்று ஒருமுறை பேனாவை வைத்துப் பார்த்தாள். வெட்டவில்லை. ஹாஜியாரையும் விதானையாரையும் மடையர்கள் என்று எழுதிவிட்டுத் தன்னை மட்டும் தப்பவிட்டால், அந்த இரண்டு வாங்கில் ஏதோ ஒன்றில் தானும் போய்க் குந்திவிட்டதாகவே ஆகும். மூன்றாவதில் வல்லியம்மையைப் பற்றி, கூட்டாமல் குறைக்காமல். நான்காவதில் கேட்பது என்னவென்று:

'செயலிகளுக்குத் தனித்தனிச் சேமிப்புப் பகுதி வேண்டும். மனிதர்களுக்கு வேண்டாம். ஆட்களின் அட்டவணை மீண்டும் ஒன்றாகி, ஒருவருக்கும் சொந்தமில்லாத பொதுப் பகுதியில் வைக்கப்படும்வரையும், வீடுகள் பக்கக் கணக்கில் அல்லாமல் தகுதியின்படி பகிரப்படும்வரையும், இச்சான்றுப்பத்திரத்தில் ஒப்பமிட மறுக்கிறேன். திறப்புகளை அனுப்ப வேண்டாம். இணைப்பகத்தின் நிர்வாகக் குழு இதை எதிர்க்கும். அவர்களுடைய எதிர்ப்பை வாசிக்க நேரம் செலவழிக்கத் தேவையில்லை; இரு தரப்பும் ஒரே கடிதத்தைத்தான் இரண்டு முறை அனுப்புவார்கள்.'

ஒப்பமிட்டாள். ஒப்பமில்லாத சான்றுப்பத்திரத்தை மூன்றாக மடித்துக் கடிதத்தோடு வைத்தாள்.

தபால் கந்தோரில் பதிவுத் தபாலுக்கு நீண்ட வரிசை. வரிசையில் நின்ற பலர் சுவரில் பெயர் வந்தவர்கள். "எப்ப மிஸ் திறப்புத் தாற?" என்று ஒருவர் கேட்டார். "கொஞ்சம் சுணங்கும்," என்றாள். "ஏன்?" என்றார். "என்னாலதான்," என்றாள். அவர் பகிடியென்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

வரிசை நகர்ந்து கருமபீடத்துக்கு வந்ததும் உறையின் ஓரத்துக்குப் பசை தடவினாள். மேசையில் வைத்து உள்ளங்கையால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். எழுதுவினைஞர் நிறுத்துப் பார்த்து, முத்திரை ஒட்டி, சீல் குத்தி, திரும்பிப் பாராமலே கொழும்புச் சாக்குக்குள் எறிந்தார்.